சி-114

வெஸ்தெரோஸ்
9 ஜனவரி 2018

அன்புள்ள அக்கா,

கிறிஸ்துமஸுக்கு வந்த நீ இரண்டு நாள் முன்னதாகவே ரயிலேறிப் போனதற்கு என் வாய்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். பன்றித் தொடையை வெட்டத் தொடங்கியதிலிருந்து காபி ஆறுகிறவரை பங்குகளைப் பற்றியே பேசியிருக்கிறேன். "இங்வே, உன் வாயில உருளைக்கிழங்கைத் திணிச்சாதான் நிறுத்துவியா?" என்று நீ கேட்டபோது சிரித்தேன். நீ சிரிக்கவில்லை என்பதை ரயில் போன பிறகுதான் கவனித்தேன். தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டால் மூன்றாவது நிமிஷம் மறுபடி சண்டை வரும். அதனால் பேனாவை எடுத்தேன்.

மன்னிப்புக் கேட்டாயிற்று. இப்போது ஓர் உதவி. கடிதத்தைக் கிழிக்காதே.

எங்கள் புதன்கிழமைச் சங்கத்தில் பதினொரு பேர் என்று உனக்குத் தெரியும். மாதம் ஆளுக்கு ஐந்நூறு குரோனா போட்டு, நூலகத்துக் காபிக்கடையில் உட்கார்ந்து எதை வாங்கலாம் என்று சண்டை போடுவோம். நான் செயலாளர், கூட்டக் குறிப்பு எழுதுகிறவன். உலகத்துக்கே தெரிந்த பெரிய நிறுவனங்கள் எங்களுக்கு வேண்டாம். பெரியவர்கள் குனிந்துகூடப் பார்க்காத சின்னத் துறை ஒன்றில் ஒரே ராஜாவாக உட்கார்ந்திருக்கும் மென்பொருள் நிறுவனம்தான் வேண்டும். புகைபோக்கி துடைப்பவர்கள் எந்த நாளில் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் நிரல், எல்க் மான் வேட்டைக் குழுக்களின் பங்கைப் பிரித்துக் கொடுக்கும் நிரல், அந்த மாதிரி.

அதைக் கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு வழி இருக்கிறது. பல் மருத்துவராக இருந்து ஓய்வுபெற்ற பொர்யே கொண்டுவந்தது. பெயர் முனகல் சோதனை. நிறுவனத்தின் ஆண்டறிக்கையை நம்பாமல் வாடிக்கையாளரையே கூப்பிட்டுக் கேட்போம். அவர் பாராட்டினால் பயனில்லை. நாளைக்கு வேறொன்றையும் பாராட்டுவார். திட்ட வேண்டும். திட்டிக்கொண்டே கட்டணமும் கட்ட வேண்டும். "வலிக்குதுன்னு கத்துறான், ஆனா நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேங்குறான். அவன்தான்யா நல்ல நோயாளி" என்பார் பொர்யே.

கல்லறை அலுவலகத்தில் ஸ்டில்லா என்ற நிரலோடு மல்லுக்கட்டுவதாக நீ சொன்னாயே. அந்த நிறுவனம் போன வருஷம்தான் பங்குச் சந்தைக்கு வந்திருக்கிறது. அதைப் பற்றி உன் மனதில் உள்ளதை எழுது. எதையும் மழுப்பாதே.

போகிற வழியில் எல்வியையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்.

உன் தம்பி
இங்வே


லூம்விக்
21 ஜனவரி 2018

தம்பி இங்வே,

மன்னிப்புக்கு அரைப் பக்கம், பங்குக்கு ஒன்றரைப் பக்கம். அளந்துதான் பார்த்தேன்.

எல்விக்கு இருபத்தேழாம் தேதியே விளக்கு வைத்துவிட்டேன். உன் வீட்டிலிருந்து சீக்கிரம் கிளம்பியதற்கு அதுவும் ஒரு காரணம். நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கல்லின் மேல் அரை முழம் பனி. கையுறையைக் கழற்றித் துடைத்தேன்.

ஸ்டில்லா பற்றிக் கேட்கிறாய். சரி, யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டும்தான்.

முன்பு என் மேசைக்குப் பின்னால் ஓக் மரப் பெட்டிகளில் அட்டைகள் இருந்தன. கல்லறைக்கு ஓர் அட்டை. யார் உள்ளே இருக்கிறார், இடத்தின் உரிமை யார் பெயரில், இருபத்தைந்து வருஷ உரிமை என்றைக்கு முடிகிறது, எல்லாம் மையில். ஓரத்தில் பென்சிலில் வேறு விஷயங்கள். 'மகள் நார்வேயில், ஜூனில் வருவாள், அதற்குள் செடியைப் பிடுங்காதே.' 'மூத்தவனைக் கேள், இளையவனிடம் வாய் கொடுக்காதே.' 'முதல் மனைவி பக்கத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் செத்தார்.' எனக்கு முன்னால் இருந்தவர்கள் எழுதியது பாதி, நான் எழுதியது பாதி. நான் செய்த வேலை என்று சொன்னால் அந்தப் பென்சில்தான்.

ஸ்டில்லாவில் நாற்பத்தோரு கட்டங்கள். பென்சிலுக்கு ஒன்றுகூட இல்லை. அட்டைகளை ஆவணக் காப்பகத்துக்கு ஏற்றி அனுப்பியாயிற்று. உரிமை முடிகிற தேதி வந்தால் நிரலே கடிதம் அச்சடிக்கிறது. போன மாதம் ஒரு கிழவருக்கு, அவருடைய மனைவியின் இடத்தை விட்டுக்கொடுக்கச் சம்மதமா என்று கேட்டுக் கடிதம் போயிருக்கிறது. அவர் என் ஜன்னலுக்கு வந்து, "சீவ், அவளை எங்க அனுப்பப் போறீங்க?" என்று கேட்டார். உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். இப்போதைக்குத் தேதியை என் கையால் தள்ளிவைக்க முடிகிறது. அதுவும் எத்தனை நாளோ.

வருஷத்துக்கு முப்பத்தெட்டாயிரம் குரோனாவில் ஆரம்பித்தார்கள். இப்போது எழுபத்தோராயிரம். விட்டுவிட வேண்டியதுதானே என்று திருச்சபைக் குழுவில் கேட்கிறார்கள். எங்கே போவது? எட்டாயிரத்துத் தொள்ளாயிரம் பேர் அதற்குள் இருக்கிறார்கள். திருப்பிக் கேட்டால் எண்களைக் குப்பையாகக் கொட்டிக் கொடுப்பார்கள். யார் பக்கத்தில் யார் என்றே தெரியாது. சுற்றியுள்ள எல்லாச் சபைகளும் இதைத்தான் வைத்திருக்கின்றன. திட்டுகிறேன், கட்டுகிறேன். எவ்வளவு கேட்டாலும் கட்டுவேன். கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறது, இங்வே. சில நாள் மாலையில் கணினியை அணைத்துவிட்டு மேலங்கியைப் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.

இதையெல்லாம் உன்னிடம் சொன்னதில் கொஞ்சம் லேசாகிவிட்டது. சாப்பாட்டில் உப்பைக் குறை.

சீவ்


வெஸ்தெரோஸ்
8 பிப்ரவரி 2018

அன்புள்ள அக்கா,

நேற்று உன்னால் சங்கத்தில் பெரிய கூத்து. உன் கடிதத்தை நான் உரக்கப் படித்தேன். 'திட்டுகிறேன், கட்டுகிறேன். எவ்வளவு கேட்டாலும் கட்டுவேன்' என்ற இடம் வந்ததும் பொர்யே மேசையைத் தட்டினார். "இங்வே, இருபது வருஷமா ஆண்டறிக்கை படிக்கிறேன். இந்த மாதிரி ஒரு வரி எந்த அறிக்கையிலயும் பாக்கல. உங்கக்காவுக்கு ஒரு கேக் வாங்கி அனுப்பணும்யா!" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். வாடிக்கையாளர் செத்துப்போனாலும் வெளியேற முடியாத ஒரே தொழில் இதுதான் என்று யாரோ சொல்ல, காபிக்கடைக்காரி வந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள்.

பதினொரு ஓட்டும் ஒரே பக்கம். எங்கள் சங்கத்தில் அப்படி நடந்ததே இல்லை. ஸ்டில்லாவை வாங்கிவிட்டோம். கூட்டக் குறிப்பில் 'ஆதாரம்: செயலாளரின் சகோதரி எழுதிய கடிதம்' என்று என் கையாலேயே எழுதினேன். பெருமையாக இருந்தது.

கேக் தனியாக வருகிறது. பாதாம் போட்டது.

உன் தம்பி
இங்வே


லூம்விக்
15 பிப்ரவரி 2018

இங்வே,

கேக்கைத் தபால்காரரிடமே கொடுத்துவிட்டேன்.

அதை உனக்கு எழுதினேன். பதினொரு பேருக்கு எழுதவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை என்று என் தம்பியிடம் சொன்னேன். நீ அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்கிறாய். கைதட்டல் வாங்கியிருக்கிறாய். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை என்று நான் எழுதிய இடத்தில் உங்கள் ஆட்கள் மேசையைத் தட்டியிருக்கிறார்கள்.

அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீ ஒரு வரி கேட்டிருக்கலாம். அக்கா, நீ நன்றாக இருக்கிறாயா என்று.

இனி எழுதாதே. எல்விக்கு விளக்கு வைப்பேன். அது உனக்காக இல்லை.

சீவ்


லூம்விக்
13 செப்டம்பர் 2020

தம்பி இங்வே,

இரண்டரை வருஷத்தில் நீ அனுப்பிய ஒன்பது கடிதங்களும் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. ஏழைத்தான் பிரித்தேன். பங்கு மூன்று மடங்கு ஏறிவிட்டது, என் பங்காக வீட்டைச் சூடாக்க ஒரு வெப்பப் பம்பு வாங்கித் தரட்டுமா என்று நீ கேட்டதைப் படித்த பிறகு மற்ற இரண்டையும் தொடவில்லை. இப்போது எழுதுவதும் சமாதானத்துக்காக இல்லை. ஒரு வேலை இருக்கிறது, அதை நீதான் செய்ய முடியும்.

முதலில் என் செய்தி. போன இலையுதிர் காலத்தில் ஸ்டில்லாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சேவையை மேம்படுத்தியிருக்கிறார்களாம். வருஷத்துக்கு ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். சபைக் குழு மூன்று கூட்டம் போட்டது. நிரலை நிறுத்த முடியாது, ஆகவே ஆளை நிறுத்தலாம் என்று முடிவு செய்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பணம் இல்லை. ஜூன் கடைசியில் என் அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள். நான்கு சபைகளின் கல்லறைகளையும் இனிப் பெரிய ஊரிலிருந்து ஒரு சின்னப் பெண் பார்ப்பாள். நல்ல பெண். லூம்விக் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. அறுபத்து மூன்று வயதில் எனக்கு யாரும் வேலை தரப்போவதில்லை. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பேச ஆள் இல்லாததுதான்.

இப்போது உன் வேலை. எல்வியின் இடம், சி பகுதி 114, உரிமை 2022 பிப்ரவரியில் முடிகிறது. உரிமை உன் பெயரிலும் இல்லை, மரீத்தா பெயரிலும் இல்லை. பதினோராவது நாள் குழந்தை போனபோது நீங்கள் இருவரும் எழுந்து நிற்கிற நிலையிலா இருந்தீர்கள்? மரீத்தாவின் அப்பா ஹோல்கெர்தான் வந்து கையெழுத்துப் போட்டார். அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. நிரலைப் பொறுத்தவரை அந்தக் கல்லறைக்கு உயிரோடு யாரும் இல்லை. பழைய அட்டையில் 'அப்பா என் தம்பி, வெஸ்தெரோஸ்' என்று நான் பென்சிலில் எழுதியிருந்தேன்.

இதை நான் எப்போதோ கேட்டிருக்க வேண்டும். முப்பது வருஷம் ஊரார் எல்லாரிடமும் இதைத்தான் கேட்டேன். உன்னிடம் மட்டும் வாய் வரவில்லை. எல்வி என்று சொன்னாலே நீ எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுவாய். நான் அந்த நாற்காலியில் இருக்கிறவரை தேதியை நானே தள்ளிவிடலாம் என்று இருந்துவிட்டேன். நாற்காலி போகும் என்று நினைக்கவில்லை.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஹோல்கெரின் வாரிசு என்று மரீத்தா கையெழுத்துப் போட வேண்டும். அவளைக் கூப்பிடு.

சீவ்


வெஸ்தெரோஸ்
27 செப்டம்பர் 2020

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு பத்து நாள் சும்மா இருந்தேன். ஒன்றைச் சொல்லாமல் மேலே எழுத முடியவில்லை.

2019 மே மாதம் ஸ்டாக்ஹோமில் ஸ்டில்லாவின் ஆண்டுக் கூட்டம். சங்கத்தின் சார்பில் நான் போனேன். என்னைப் போல நாற்பது பேர் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் வந்திருந்தார்கள், இறால் வைத்த ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள். கேள்வி நேரம் வந்தது. ஒலிவாங்கி கைக்குக் கை மாறி என்னிடமும் வந்தது. நான் எழுந்து கேட்டேன். "சின்னச் சபைகளுக்கு விலைய ஏன் இன்னும் ஏத்தாம இருக்கீங்க? எனக்குத் தெரிஞ்ச ஒரு வாடிக்கையாளர், எவ்வளவு கேட்டாலும் கட்டுவேன்னு கைப்பட எழுதியிருக்காங்க." அரங்கமே சிரித்தது. தலைவரும் சிரித்துக்கொண்டே எதையோ குறித்துக்கொண்டார்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் உங்களுக்குக் கடிதம் வந்திருக்கிறது.

பொர்யேவிடம் சொன்னேன். "அட போய்யா, நீ கேட்டா ஏத்தினாங்க? அதெல்லாம் ஆறு மாசம் முன்னாடியே முடிவாகியிருக்கும்" என்கிறார். இருக்கலாம். அவர் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். ஆனாலும் எழுந்து நின்று கேட்டவன் நான்தான். உன் வார்த்தைகளை வைத்துத்தான் கேட்டேன்.

மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமலிருக்கவும் முடியவில்லை.

படிவத்தை எடுத்து வைத்திருக்கிறேன். மரீத்தாவைக் கூப்பிடுவேன். நாங்கள் பிரிந்ததிலிருந்து, பத்தொன்பது வருஷமாகப் பேசவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறதே.

இங்வே


லூம்விக்
7 நவம்பர் 2021

இங்வே,

நேற்று புனிதர் அனைவர் நாள். வழக்கம்போல விளக்கு எடுத்துக்கொண்டு போனேன். கல்லறை முழுக்க வெளிச்சம், ஊரே வந்திருந்தது. எல்வியின் கல்லுக்கு முன்னால் ஒரு குச்சி நட்டு மஞ்சள் அட்டை தொங்கவிட்டிருக்கிறார்கள். 'இந்த இடத்தின் உரிமையாளர் அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவும்.' அந்த அட்டைகளை முப்பது வருஷமாக நட்டவள் நான். ஒன்றைக்கூட நின்று படித்ததில்லை, நேற்றுத்தான் படித்தேன்.

பதினான்கு மாதம், டேய். பதினான்கு மாதம். படிவத்தை அனுப்பினாயா இல்லையா? நீ எனக்குச் செய்ததை நான் ஜீரணித்துக்கொண்டிருக்கிறேன், அது என் பாடு. இது அந்தக் குழந்தையின் பாடு. அவளுக்கென்று இந்த உலகத்தில் இருப்பது ஒரு முழம் இடம்.

மரீத்தா உன்னைக் கடித்துத் தின்றுவிட மாட்டாள். கூப்பிடு.

சீவ்


வெஸ்தெரோஸ்
23 ஜனவரி 2022

அக்கா,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உன் கடிதம் கிடைத்த அன்றே மரீத்தாவைக் கூப்பிட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தாள். என் குரலைக் கேட்டதும், "எல்விக்கு என்ன ஆச்சு?" என்றுதான் கேட்டாள். பேரைச் சொன்னாள் அக்கா, சாதாரணமாக. நான் பாத்திரம் கழுவப் போகவில்லை. இரண்டு மணி நேரம் பேசினோம். "நீ கூப்பிடுவேன்னு ரொம்ப நாள் பாத்துக்கிட்டிருந்தேன், அப்புறம் விட்டுட்டேன்" என்றாள். கையெழுத்துப் போட்டு விரைவுத் தபாலில் அனுப்பினாள். நவம்பர் இருபதாம் தேதி படிவம் அலுவலகத்துக்குப் போய்விட்டது.

ஜனவரியில் பதில் வந்தது. உயிரோடு உரிமையாளர் இல்லாத இடத்துக்குப் பெயர் மாற்ற வேண்டுமானால், முடிகிற தேதிக்கு ஒரு வருஷம் முன்பே விண்ணப்பிக்க வேண்டுமாம். நிரலின் புதுப் பதிப்பில் வந்த ஏற்பாடு. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். நல்ல பெண் என்று நீ சொன்னது சரிதான், அழுதுவிடுவாள் போலிருந்தது. "எனக்குப் புரியுதுங்க. ஆனா அந்தக் கட்டம் சாம்பல் நிறமா இருக்கு, அமுக்குனா அமுங்கல. ஸ்டில்லாக்காரங்கதான் திறக்கணும். கேட்டு எழுதியிருக்கேன், வரிசையில போட்டிருக்காங்க." வரிசையில் எத்தனையாவது என்று கேட்டேன். அது அவளுக்குத் தெரிவதில்லையாம்.

ஸ்டில்லாவையே கூப்பிட்டேன். பங்குதாரர் என்று சொன்னதும் ஒருவர் உடனே வந்தார், என்ன மரியாதை, என்ன இனிமை! கல்லறை என்று ஆரம்பித்ததும், அது வாடிக்கையாளர் பிரிவு, சபைகளிடமிருந்து வந்தால்தான் எடுப்பார்கள் என்றார். "நான் உங்க முதலாளிகள்ல ஒருத்தன்யா" என்றேன். "ரொம்ப சந்தோஷங்க, ஆண்டறிக்கை அனுப்பட்டுமா?" என்றார்.

அந்த அறிக்கை என்னிடம் இருக்கிறது. நாற்பத்திரண்டாம் பக்கத்தில், 'உரிமை முடிந்த இடங்கள் அலுவலரின் கைபடாமலே திரும்பப் பெறப்படும்' என்று இருக்கிறது. அந்த வரிக்குக் கீழே நான் கோடு போட்டிருக்கிறேன். பக்கத்தில் 'அருமை' என்றும் எழுதியிருக்கிறேன். பென்சிலில்.

போன புதன்கிழமை சங்கத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். எல்வியைப் பற்றி முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னேன். பதினொரு பேர் சேர்ந்து நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று கேட்டேன். பக்கத்து நாற்காலியில் இருந்த சிக்னே என் கையைப் பிடித்துக்கொண்டாள். பொர்யேவுக்குக் கண் கலங்கியது, அவர் கெட்டவர் இல்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "இங்வே, தப்பா எடுத்துக்காத. உனக்கு இப்பிடி ஆனது எனக்கு மனசே ஆறல. ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாரு. முதலாளி சொன்னாகூடத் திறக்காத பூட்டுன்னா... அது எவ்வளவு பலமான நிறுவனம்." கடிதம் எழுதினால் சங்கத்தின் பெயர் கெடும் என்று இரண்டு பேர் சொன்னார்கள். கடிதம் ஏழுக்கு நாலில் தோற்றது. அடுத்த தீர்மானம், இன்னும் நாற்பது பங்கு வாங்குவது. ஒன்பதுக்கு இரண்டில் நிறைவேறியது. செயலாளர் நான்தானே. குறிப்பில் எழுதினேன்.

சங்கத்தை விட்டு வெளியேறலாம் என்று பார்த்தால், அதற்கும் ஆண்டுக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். விதிகளை எழுதியவனும் நான்தான்.

நீ 2018இல் எழுதிய கடிதத்தை நேற்று மறுபடி படித்தேன். மேலங்கியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைச் சங்கத்தில் படித்தபோது அது என் காதிலேயே விழவில்லை. நான்கு வருஷம் தாமதமாகக் கேட்கிறேன். அக்கா, நீ நன்றாக இருக்கிறாயா?

இங்வே


லூம்விக்
20 மார்ச் 2022

தம்பி,

நன்றாக இல்லை. கேட்டதற்கு நன்றி.

பிப்ரவரி பதினாறாம் தேதி நள்ளிரவு தாண்டியதும் நிரல் தன் வேலையைச் செய்துவிட்டது. காலையில் அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டு அழுதாள். அவள் கேட்டு எழுதியதற்கு மார்ச் நான்காம் தேதி பதில் வந்ததாம், 'இடம் காலியாக இருப்பதால் கோரிக்கை முடித்துவைக்கப்படுகிறது' என்று. குழுத் தலைவரிடம் போனேன். போதகரிடம் போனேன். எல்லாரும் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். எல்லாருக்கும் வருத்தம். முப்பது வருஷம் அந்த ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவளுக்கு, வெளியே நிற்பது எப்படி என்று இப்போதுதான் தெரிகிறது. அந்தக் கிழவர் நினைவுக்கு வந்தார்.

நேற்று கல்லை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கொட்டகைக்குப் பின்னால் எடுத்த கற்களைக் குவித்திருக்கிறார்கள், உடைத்துச் சாலைக்குப் போடுவதற்காக. ரூனே நின்றுகொண்டிருந்தான். என்னோடு பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவன். கல் இப்போது சபையின் சொத்து, யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த விதியை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான். என் முகத்தைப் பார்த்தான். "சீவ், நான் காபி குடிக்கப் போறேன். இருவது நிமிஷம் ஆகும். இன்னிக்குன்னு பாத்து நிறைய குடிக்கணும் போல இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

கடைக்குப் போகும்போது பனியில் பின்னாலிருந்து உதைத்துத் தள்ளிப்போவேனே, அந்தச் சறுக்கு நாற்காலியைக் கொண்டுபோயிருந்தேன். கல் சின்னதுதான், ஆனால் தூக்கியதும் இடுப்பு பிடித்துக்கொண்டது. நாற்காலியில் வைத்து என் சால்வையைப் போர்த்தினேன். எதற்குப் போர்த்தினேன் என்று தெரியவில்லை. பட்டப்பகலில் ஊர் நடுவே தள்ளிக்கொண்டு வந்தேன். அஞ்சல் பெட்டிப் பக்கம் ஒருத்தி, "சீவ், இன்னிக்குக் கடையில என்ன?" என்று கேட்டாள். "உருளைக்கிழங்கு" என்றேன். பாலத்தருகே ஏற்றத்தில் கால் வழுக்கியது. அங்கே நின்று ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் மறுபடி தள்ளினேன்.

விறகுக் கொட்டகையின் தெற்குச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். பனி முதலில் உருகுகிற இடம் அதுதான். பெயரும் வருஷமும் தெளிவாகத் தெரிகின்றன. நேற்று மாலை விளக்கு வைத்தேன்.

கல்லைக் கொண்டுவந்துவிட்டேன், இங்வே. பிள்ளையைக் கொண்டுவர முடியவில்லை. அவள் அங்கேயே இருக்கிறாள். மேலே ஒன்றும் இல்லை.

சீவ்


வெஸ்தெரோஸ்
3 ஏப்ரல் 2022

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மரீத்தாவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். உன் அனுமதி இல்லாமல் இன்னொரு முறை படித்துவிட்டேன், இதற்கு மட்டும் திட்டாதே. உருளைக்கிழங்கு என்ற இடத்தில் அவள் சிரித்தாள், அப்புறம் அந்த இடத்தை மறுபடி படிக்கச் சொன்னாள்.

இடம் காலி என்றால் நானே அதை வாங்கிக்கொள்ளலாமே என்று ஒரு யோசனை வந்தது. பெரிய மேதாவி அல்லவா நான். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"சி-114ஐ என் பேருக்கு எடுத்துக்கணும்மா."

"யாருங்க இறந்துட்டாங்க?"

"யாரும் இல்ல. ஏற்கெனவே உள்ள இருக்கா."

"இறந்தவங்க அடையாள எண்ணைப் போட்டாத்தாங்க கட்டம் திறக்கும். முன்கூட்டிக் குடுக்க வழியே இல்ல. அதுவும் லூம்விக்ல குடியிருந்தவங்களா இருக்கணும். அடுத்து யார் வர்றாங்களோ அவங்களுக்குப் போயிரும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆனா சி பகுதி வடக்குப் பக்கம்ங்க, நிழலா இருக்கும். அத யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாள். யாரும் கேட்காத சின்ன இடமாகப் பார்த்துத் தேடித் திரிந்தவன் நான். அவள் சொன்னதை நம்பிக் கொஞ்ச நேரம் சந்தோஷமாகக்கூட இருந்தேன்.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் குறிப்புப் புத்தகத்தைப் பொர்யேவிடம் கொடுத்துவிட்டு விலகிவிட்டேன். என் பங்குக்கு வந்த பணம் வங்கியில் கிடக்கிறது. அதைக் கொண்டு எந்தக் கட்டத்தையும் திறக்க முடியவில்லை. ஒரு வெப்பப் பம்பைத் தவிர அதற்கு வேறு உபயோகம் எனக்குத் தெரியவில்லை. நீ வேண்டாம் என்றால் அதுவும் வேண்டாம்.

போன திங்கட்கிழமை வரி அலுவலகத்துக்கு முகவரி மாற்றம் அனுப்பிவிட்டேன். உன் வீட்டு முகவரியைத்தான் எழுதினேன். இனி நான் லூம்விக்வாசி. அடுத்து வருகிறவர்களில் நானும் ஒருவன், என்றைக்காவது என் எண்ணைப் போட்டு அந்தக் கட்டத்தைத் திறக்கலாம். மின் அலுவலகத்தில் என் வேலையை மே மாதக் கடைசியோடு முடித்துக்கொள்கிறேன். என்ன நினைப்பாய் என்று தெரியும். அறுபது வயதுக் கழுதைக்கு அக்கா வீட்டில் என்ன வேலை என்று கேட்பாய். ஒரு வேலையும் இல்லை. வந்து உன்னோடு விளக்கு வைக்கிறேன். உருளைக்கிழங்கை வாயில் திணித்தாலும் பேசாமல் இருக்கிறேன்.

ஜூன் முதல் தேதி மாலை ரயிலில் வருகிறேன். மாடி அறையை ஒழிக்க வேண்டாம், இடுப்பு வலியோடு படியேறாதே. கீழே சமையலறைக்குப் பக்கத்து அறையே போதும். கட்டிலை மட்டும் கொஞ்சம் திருப்பிப் போட்டு வை, விறகுக் கொட்டகை தெரிகிற மாதிரி.

உன் தம்பி
இங்வே